மதுரையிலிருந்து வரும் அத்தை, மாமாவைக் கிராமத்து கேஸ்ட்ரோபப்புக்குக் கூட்டிப் போகலாமா?

ரெடிங் மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். அக்டோபர் நடுவில் அத்தையும் மாமாவும் மதுரையிலிருந்து ரெடிங்குக்கு வருகிறார்கள். லண்டனில் பார்க்க வேண்டியதெல்லாம் பட்டியல் போட்டாயிற்று. அதில் என் வீட்டுக்காரர் புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்: ஒரு ஞாயிறு மதியம் சில்டர்ன்ஸ் குன்றுப் பக்கம் ஏதாவது ஒரு கிராமத்து கேஸ்ட்ரோபப்பில் (நல்ல ஓட்டல் தரத்தில் சமைக்கிற பப்) சாப்பாடு. "இங்கிலாந்துக்கு வந்துவிட்டு வெம்பிளியில் தோசை தின்றுவிட்டுத் திரும்பினால் என்ன அர்த்தம்?" என்கிறார். நியாயம்தான். ஆனால் நான் ஆபீஸ் ஆட்களோடு டவுனில் இருக்கும் பப்புக்குப் போய் ஜூஸ் குடித்திருக்கிறேனே தவிர, இந்த மாதிரி இடத்துக்குப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போனதில்லை.

போனில் விஷயத்தைச் சொன்னதுமே அத்தை, "பச்சப்புள்ளையக் கூட்டிக்கிட்டு சாராயக்கடைக்கா?" என்று கேட்டுவிட்டார். பையனுக்கு ஏழு வயது.

அத்தை அசைவத்தை விட்டுப் பல வருடம் ஆகிறது, திருப்பரங்குன்றத்து வேண்டுதல். முட்டை கேக்குக்குள் இருந்தால் எதுவும் கேட்கமாட்டார். கண்ணில் பட்டால் தட்டையே தள்ளிவிடுவார். மாமா ஆடு, கோழி, மீன் எல்லாம் சாப்பிடுவார், மாட்டிறைச்சி மட்டும் கூடாது. குடிப்பதில்லை. மின்வாரியத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர் என்பதால் எதைப் பார்த்தாலும் உள்ளே எப்படி ஓடுகிறது என்று தெரிந்தாக வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார், பன்னிரண்டரைக்கு வயிற்றில் ஏதாவது விழுந்தாக வேண்டும்.

இவர்களை வைத்துக்கொண்டு அங்கே போவது நடக்கிற காரியமா? அத்தைக்கு என்ன கிடைக்கும்? எவ்வளவு நாள் முன்னால் புக் செய்ய வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்.

வெம்பிளி வேலு:

தங்கச்சி, தோசை தின்பதில் என்ன குறைந்துபோயிற்று? கிழக்கே ஒரு கிராமத்தில் நாங்களும் இப்படித்தான் ஆசைப்பட்டுப் போனோம். பெயர் எதற்கு. வெஜிடபிள் சூப் என்று போட்டிருந்தது, என் மனைவி பாதி குடித்த பிறகு கேட்டால் கோழி எலும்பு வேகவைத்த தண்ணீரில் செய்தது என்கிறான். "உள்ளே கோழித்துண்டு எதுவும் இல்லையே மேடம்" என்று ஒரு விளக்கம் வேறு. முதன்மைத் தட்டு ஒவ்வொன்றும் 20 பவுண்டுக்கு மேல். அந்தக் காசுக்கு இங்கே குடும்பமே சாப்பிடலாம்.

அடுப்படி ஆள்:

வேலு அண்ணன் சூப்பைப் பற்றிச் சொல்வது சரி. அதற்காகப் போகவே வேண்டாம் என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நான் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர் பக்கம் ஒரு கிராமத்துப் பப்பில் சமைக்கிறேன், சொந்த ஊர் நாகர்கோவில். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அத்தையின் பயம். பெரியவர்களோடு வந்து சாப்பிடும் பிள்ளைகளுக்குச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. 2007 ஜூலையிலிருந்து உள்ளே சிகரெட்டும் கிடையாது. பகல் பன்னிரண்டு மணிக்கு உள்ளே நுழைந்தால் அத்தை பார்க்கப்போவது கம்பளிச் சட்டை போட்ட வயதான தம்பதிகளையும், எரிகிற கணப்பையும், குழந்தை நாற்காலிகளையும்தான். நடைபாதை வழியாக மலை சுற்றிவிட்டுச் சேற்று பூட்ஸோடு வருகிறவர்களும் இருப்பார்கள். தள்ளாடுகிறவர் யாரும் இருக்கமாட்டார்.

கிராமத்துப் பப்புகள் சமையலுக்குத் திரும்பியது பிழைப்புக்காகத்தான். 1967இல் போலீஸ் கையில் ஊதிப் பார்க்கும் கருவி வந்தது, காரில் வந்து நாலு பைன்ட் போட்டுவிட்டுப் போகிறவர்கள் குறைந்தார்கள். அப்புறம் சூப்பர்மார்க்கெட்டில் பியர் மலிவானது. 1989இல் பெரிய பியர் கம்பெனிகள் இத்தனை பப்புகளுக்கு மேல் கைக்குள் வைத்திருக்கக் கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட, ஆயிரக்கணக்கில் பப்புகள் கைமாறின. அந்தச் சமயத்தில்தான், 1991இல், டேவிட் ஏர், மைக் பெல்பன் என்று இரண்டு பேர் லண்டன் ஃபேரிங்டன் ரோட்டில் 'தி ஈகிள்' என்ற பப்பை எடுத்தார்கள். பார் கவுண்டருக்குப் பின்னாலேயே அடுப்பு, மெனு கரும்பலகையில், மேஜைவிரிப்பெல்லாம் கிடையாது, சாப்பாடு மட்டும் நல்ல ஓட்டல் தரத்தில். கேஸ்ட்ரோபப் என்ற பெயர் அங்கிருந்துதான் பரவியது. பத்தே வருடத்தில் கிராமத்துக்கும் வந்துவிட்டது: 2001இல் ஹெரஃபோர்ட்ஷயரில் டிட்லி என்ற குக்கிராமத்தின் 'ஸ்டாக் இன்' என்ற பப் மிஷலின் ஸ்டார் (உணவகங்களுக்குத் தரம் போடும் பிரெஞ்சுக் கையேடு தருவது) வாங்கியது. பப் ஒன்றுக்கு ஸ்டார் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

உங்களுக்குப் பக்கத்திலேயே மார்லோவில் சமையல்காரர் டாம் கெரிட்ஜின் 'ஹேண்ட் அண்ட் ஃபிளவர்ஸ்' பப் இருக்கிறது. 2005இல் திறந்தார்கள், 2012 கையேட்டில் இரண்டு ஸ்டார், அதற்கு முன் எந்தப் பப்பும் வாங்காதது. உங்கள் வீட்டுக்காரர் மனதில் அதுதான் இருக்கிறது என்றால் அதை உங்கள் கல்யாண நாளுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எனக்கு அந்தச் சமையல் மேல் மரியாதை உண்டு. ஆனால் அத்தைக்கும் ஏழு வயதுப் பையனுக்கும் அது இடமில்லை.

இனி முக்கியமான விஷயம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள்.

ஞாயிறு அன்று எங்கள் அடுப்படியில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். காலையிலேயே மாட்டின் பெரிய துண்டுகள் ஓவன் அடுப்புக்குள் போய்விடும். உருளைக்கிழங்கை முக்கால் வேக்காட்டில் வடித்து, ஓரமெல்லாம் பூத்துவருகிற மாதிரி குலுக்கி, காய்ந்த கொழுப்பில் கொட்டுவோம். அது மாட்டுக் கொழுப்பாக இருக்கும், இல்லையென்றால் வாத்துக் கொழுப்பு. யார்க்‌ஷயர் புட்டிங் தட்டின் ஒவ்வொரு குழியிலும் அதே கொழுப்பை ஒரு ஸ்பூன் விட்டு, புகை கிளம்பும்வரை காயவைத்து, முட்டையும் மைதாவும் பாலும் கரைத்த மாவை ஊற்றிச் சட்டென்று கதவைச் சாத்த வேண்டும். இருபது நிமிடம் யாரும் அந்தக் கதவைத் தொடக் கூடாது. திறந்தால் உப்பின பூரி மாதிரி நிற்கிறது அப்படியே அமுங்கிவிடும். கிரேவி எலும்புச் சாற்றில். எல்லா மேஜைக்கும் இதே ரயில் ஓடுகிறது. அன்றைக்குச் சைவம் கேட்டு வருகிறவருக்கு நட் ரோஸ்ட் (கொட்டைகளை அரைத்துச் சுட்டது) ஒரு துண்டு, கூடவே கேரட், முட்டைக்கோஸ், தனிக் கிரேவி கொஞ்சம். மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் சமைக்கிறவன் மனம் அதில் இருக்காது. எனக்கே இருக்காது.

அதே அடுப்படி வெள்ளிக்கிழமை மதியம் வேறு மாதிரி. கூட்டம் பாதிதான். முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஒருவருக்காகத் தனிச் சட்டி வைக்க நேரம் இருக்கும். அக்டோபரில் பூசணி, பீட்ரூட், லீக், செஸ்ட்நட், காட்டுக் காளான் எல்லாம் நல்ல பருவத்தில் இருக்கும். காளானும் செஸ்ட்நட்டும் மாவுக்குள் வைத்துச் சுட்ட 'பை' ஒன்றைச் சுடச்சுட உடைத்து வைத்தால் அத்தை நிச்சயம் சாப்பிடுவார். மேல் மாவில் பளபளப்புக்கு முட்டை தடவியிருப்போம். அது கேக் கணக்கில் சேருமா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆன்லைனில் புக் செய்துவிட்டு விடாதீர்கள். ஒரு தடவை போன் போடுங்கள், மதியம் மூன்றிலிருந்து ஐந்துக்குள். சர்வீஸ் நேரத்தில் போட்டால் "சரி சரி" என்று வைத்துவிடுவார்கள். "வெஜிடேரியன் இருக்கிறதா" என்று கேட்டால் எல்லாரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், எதையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். சிப்ஸ் எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள்? மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதைப் பெருமையாகச் சொல்லும் இடங்கள் நிறைய. எண்ணெயே என்றாலும் மீன் பொரிக்கும் அதே சட்டியா? சூப்பில் என்ன ஸ்டாக், அதாவது எதை வேகவைத்த சாறு? வூஸ்டர் சாஸ் எதிலாவது விழுகிறதா? அதில் நெத்திலி வகை மீன் இருக்கிறது, சீஸ் டோஸ்ட்டில்கூடத் தெளித்துவிடுவார்கள். பார்மசான் சீஸ் கன்றுக்குட்டியின் வயிற்று நொதியில் உறையவைப்பது, ரிசோட்டோ என்ற இத்தாலியச் சோறு என்றால் அது வந்துவிடும். ஜெல்லி மாதிரி இனிப்புகளில் ஜெலட்டின். இதற்கெல்லாம் பதில் சொல்ல முடியாமல் மழுப்புகிற இடத்தில் மேஜை போடாதீர்கள். 14 வகை அலர்ஜிப் பொருள்களுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும் என்று 2014 டிசம்பரிலிருந்து சட்டமே இருக்கிறது, அதனால் ஒழுங்கான அடுப்படியில் எந்தத் தட்டில் என்ன போகிறது என்று எழுதி வைத்த ஃபைல் கட்டாயம் இருக்கும். கோழி ஸ்டாக் அந்த 14இல் வராது, அதனால்தான் வேலு அண்ணன் வீட்டில் நடந்தது நடக்கிறது.

இடம் எது என்று நான் சொல்லப்போவதில்லை, என் முதலாளியும் இதைப் படித்தால் வம்பு. ஹென்லியிலிருந்து நெட்டில்பெட், டர்வில் பக்கம் ஏறினால் பள்ளத்தாக்குக்கு ஒன்று இருக்கும். இணையத்தில் மெனுவைத் திறந்து பாருங்கள். ஒரு பக்கத்துக்குள் முடிந்திருந்தால், இந்த வாரத் தேதி போட்டிருந்தால், நம்பலாம். லசான்யா, சிக்கன் டிக்கா, பர்கர், தாய் கறி என்று நாலு பக்கம் ஓடினால் அங்கே சமைப்பது ஃப்ரீஸரும் மைக்ரோவேவும்தான்.

மாமாவுக்குக் கவலையே இல்லை. ஆட்டுத் தோள்கறியை மணிக்கணக்கில் வேகவைத்துத் தருவார்கள், எலும்பு தானாகக் கழன்று வரும். ஃபெசன்ட் காட்டுக்கோழிக்கு அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை வேட்டைப் பருவம், மெனுவில் இருந்தால் வாங்கிக் கொடுங்கள். மெதுவாக மென்று சாப்பிடச் சொல்லுங்கள், சில சமயம் ஈயக் குண்டு பல்லில் மாட்டும். சரியாகப் பன்னிரண்டு மணிக்கே மேஜை போடுங்கள். அன்றைக்கு அடுப்படிக்கு வரும் முதல் ஆர்டர் உங்களுடையதாக இருந்தால் பன்னிரண்டரைக்குள் ஸ்டார்ட்டர் வந்துவிடும். உட்கார்ந்ததும் ரொட்டியும் வெண்ணெயும் கேளுங்கள். குழாய்த் தண்ணீர் இலவசம், கேட்டால் தந்தே ஆக வேண்டும்.

ஃபேவர்ஷம் ரூபன்:

அக்கா, தம்பி சொல்வது அரைவாசி சரி. சமையல்காரருக்கு ஞாயிறு கஷ்டம்தான், சாப்பிடப் போகிறவைக்கு அந்த ஆரவாரம்தானே விசேஷம். தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள், நாய் எண்டு முழுக் குடும்பமாக இந்தச் சனம் ஒரு மேஜையில் மணிக்கணக்காக இருந்து சாப்பிடுவதைப் பார்க்க வேணும் எண்டால் ஞாயிறுதான் போக வேணும். எங்கட அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து நிண்டபோது இங்கே கென்டில் ஒரு கிராமத்துப் பப்புக்கு ஞாயிறுதான் கூட்டிக்கொண்டு போனனாங்கள். அவவும் மச்சம் சாப்பிடுவதில்லை. காலிஃப்ளவர் சீஸ் ஒரு பெரிய கிண்ணத்தில் வந்தது, மேலே மொறுமொறு எண்டு கருகின சீஸ். ஒருதருக்கும் குடுக்காமல் தானே முடிச்சுப்போட்டு, "இதுக்குள்ள ஒரு பச்சை மிளகாய் போட்டிருக்கலாம்" எண்டா.

இன்னொண்டு. கடல் பார்க்க விருப்பம் எண்டால் இந்தப் பக்கம் விட்ஸ்டபிளுக்குக் கிட்ட சீசால்டர் எண்ட இடத்தில் 'தி ஸ்போர்ட்ஸ்மன்' எண்ட பப் இருக்கு. வெளியில் பார்த்தால் சதுப்பு நிலத்துக்கு நடுவில் ஒரு சாதாரண வீடு மாதிரித்தான். ஸ்டீபன் ஹாரிஸ் எண்டவர் 1999இல் எடுத்து நடத்தத் தொடங்கினவர், சமையலைத் தானாகவே படிச்சவர், 2008இல் ஸ்டார். உப்பைக்கூடக் கடல்தண்ணி காய்ச்சித் தாங்களே எடுக்கினம். கடற்பாசி வெண்ணெய் பூசின சின்ன சோல் மீன் ஒண்டு தருவினம், மாமாவுக்கு அது பிடிக்கும். ரெடிங்கில் இருந்து தூரம்தான், அத்தைக்கும் முதலிலேயே கதைச்சுச் சொல்ல வேணும்.

ரெடிங் மருமகள்:

அடுப்படி அண்ணா, ரூபன் தம்பி, ரொம்ப நன்றி. கென்ட் இந்தத் தடவை முடியாது, மாமாவால் அவ்வளவு நேரம் காரில் உட்கார முடியாது. வீட்டுக்காரரிடம் வெள்ளிக்கிழமை என்று சொன்னேன். முகம் கொஞ்சம் சுருங்கியது, அப்புறம் லீவு போடுகிறேன் என்றார்.

நெட்டில்பெட் தாண்டி ஒரு இடம் பார்த்து மூன்றரைக்குப் போன் போட்டேன். சிப்ஸ் எண்ணெயில்தானாம், மீனுக்குத் தனிச் சட்டியாம். பூசணி சூப் காய்கறி ஸ்டாக்தானாம். சொன்ன பெண்ணுக்குச் சந்தேகம் வந்தபோதெல்லாம் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள், அதிலேயே எனக்குப் பாதி நிம்மதி. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் புக் செய்துவிட்டேன்.

இன்னும் கொஞ்சம் கேள்வி பாக்கி. அத்தை கைப்பையில் எலுமிச்சை ஊறுகாய் இல்லாமல் எங்கும் போகமாட்டார். அதை அங்கே எடுத்தால் தப்பா? இனிப்புக்கு என்ன சொல்லலாம்? மாமாவுக்கு வேடிக்கை காட்ட ஏதாவது இருக்கிறதா, அல்லது இரண்டு மணி நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பாரா? டிப்ஸ் எவ்வளவு? கடைசியாக, ரூபன் தம்பி நாய் என்று எழுதியதைப் படித்துக் காட்டியதும் அத்தை மறுபடியும் பின்வாங்கிவிட்டார். சின்ன வயதில் கடி வாங்கியவர்.

வெம்பிளி வேலு:

ஊறுகாயை எடுக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் ஒரு ஸ்பூன் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

அடுப்படி ஆள்:

வெள்ளிக்கிழமைக்கு மாற்றியது நல்ல வேலை. உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்த பெண் இருக்கிற இடம் நல்ல இடம்தான்.

ஊறுகாய் தப்பே இல்லை, யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். ஆனால் முதல் வாயை ஊறுகாய் இல்லாமல் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காரம் வேண்டும் என்றால் இங்கிலீஷ் மஸ்டர்டும் ஹார்ஸ்ரேடிஷும் கேளுங்கள். இரண்டும் நாக்கில் நிற்காது, நேரே மூக்குக்கு ஏறும். ஒரு மிளகு அளவு போதும் என்று முதலிலேயே எச்சரித்துவிடுங்கள்.

இனிப்பில் ஸ்டிக்கி டாஃபி புட்டிங் என்று ஒன்று எல்லா இடத்திலும் இருக்கும்: பேரீச்சம்பழம் போட்ட சூடான கேக், மேலே வெண்ணெயும் சர்க்கரையும் காய்ச்சிய சாஸ். முட்டை உள்ளேதான் இருக்கிறது, அத்தைக்குச் சரிவரும். மாமாவுக்கு ஒரு ஸ்பூனுக்கு மேல் போனால் பொறுப்பு உங்களுடையது. அத்தைக்கு முட்டையே வேண்டாம் என்றால் ஆப்பிள் கிரம்பிள், அதன் மேல்மாவில் வெண்ணெயும் மாவும் சர்க்கரையும்தான். கூட வரும் கஸ்டர்டைத்தான் கவனிக்க வேண்டும். வீட்டில் நாம் கலக்கும் கஸ்டர்டு பவுடரில் முட்டை இல்லை. 1837இல் பர்மிங்ஹாமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர், மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாததால் கண்டுபிடித்தது அது. ஆனால் எங்களைப் போன்ற இடங்களில் பவுடர் என்றால் கௌரவக் குறைச்சல், மஞ்சள்கரு போட்டுத்தான் காய்ச்சுவோம். பதிலாக க்ரீம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாமாவுக்கு வேடிக்கை நிறைய இருக்கிறது. பார் பக்கம் ஒரு அடி உயரத்துக்கு மரக் கைப்பிடிகள் நிற்கும். அவை கையால் அடிக்கிற பம்புகள், கேஸ் கிடையாது. கீழே நிலவறையில் பீப்பாய்க்குள் ஈஸ்ட் இன்னும் உயிரோடு நொதித்துக்கொண்டிருக்கும், சூடு 12 டிகிரி பக்கம் வைத்திருப்பார்கள். இங்கிலாந்தில் பியரை வெதுவெதுப்பாகக் குடிக்கிறார்கள் என்று ஊரில் சொல்வது இதைப் பார்த்துத்தான். கலங்கலைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஒரு பொருளைச் சேர்ப்பதும் உண்டு. அத்தை எதிரில் இதை எடுக்க வேண்டாம். கூட்டம் இல்லாத வெள்ளி மதியத்தில், எப்படி ஓடுகிறது என்று மாமாவே கேட்டால் பாரில் நிற்பவர் ஆசையாக விளக்குவார். எங்கள் ஆளாக இருந்தால் நிலவறைக்கே கூட்டிப் போய்விடுவார்.

வெளியே வந்தால் பையனை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். பிளவுபட்ட வாலோடு செம்பருந்துகள் (இங்கே ரெட் கைட் என்பார்கள்) சுற்றிக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் அடியோடு அழிந்துபோய், 1989லிருந்து, பெரும்பாலும் ஸ்பெயினிலிருந்து, கொண்டுவந்து விட்டு மறுபடி பெருக்கியவை அவை. தோட்டத்து மேஜையில் உட்கார்ந்தால் தட்டில் ஒரு கண் இருக்கட்டும்.

பில்லில் பெரும்பாலும் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்த்தே வரும், அதற்கு மேல் தர வேண்டியதில்லை. 2024 அக்டோபர் முதல் அந்தப் பணத்தில் முதலாளி கை வைக்கக் கூடாது, முழுக்க வேலை செய்கிறவர்களுக்கே என்று சட்டம். அதனால் மனது வந்து கொடுங்கள், எனக்கும் ஒரு பங்கு உண்டு.

நாய் விஷயத்துக்கு நாளைக்கே இன்னொரு போன் போட்டுவிடுங்கள். நிறைய இடங்களில் நாய்களை பார் பக்கம் மட்டும்தான் விடுவார்கள், உள்ளே தனியாகச் சாப்பாட்டு அறை இருக்கும். "டைனிங் ரூமில் மேஜை வேண்டும், நாய் வராத பக்கம்" என்று சொல்லி, புக்கிங்கிலேயே குறித்துவைக்கச் சொல்லுங்கள். கணப்புப் பக்கத்து மேஜை கொடுத்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நாய் உள்ளே வந்தால் முதலில் படுப்பது அங்கேதான்.